பிளாசாவின் பின்பக்கத்து மலை

லண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளைப் படத்தில் மாப்பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படத்தின் பாதிக்கு மேல் மலை. உச்சியில் வெண்பனி. அடிவாரம் முழுக்க, இலையே இல்லாமல் பூத்துத் தள்ளிய செர்ரி மரங்கள். அந்த இளஞ்சிவப்புக்குக் கீழே, கழுத்துப்பட்டி காற்றில் தோளுக்கு மேலால் பறக்க, ஒருவர் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நின்றார். முகம் கொஞ்சம் கலங்கலாகவும் இருந்தது.

மாமி படத்தைக் கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"உதென்ன, மாப்பிள்ளையின்ர படமோ, கடைக் கலண்டரோ?"

"எடுத்தவன் மலைக்குப் போகஸ் வைச்சிட்டான், மாமி," என்றேன் நான். "ஆனா நல்ல மலை."

அந்த வருடங்களில் நான் ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம் மாமா வீட்டில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன். படித்தேன் என்பது வீட்டுக்குச் சொன்ன கதை. உண்மையில் ஒரு பழைய கமெராவை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் ஒரு சஞ்சிகை இருந்தது. அதில் ஜப்பானிய வசந்தம்: மலைச்சரிவுகளில் செர்ரிப் பூ, பின்னால் பனி, நடுவே ஒரு கோயில் கூரை. அந்தப் பக்கங்களை நான் பார்த்த பார்வையில் அவை தேய்ந்திருக்க வேண்டும். எனக்கும் அப்படி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று ஆசை. ரொறன்ரோவிலும் செர்ரி மரம் இருந்தது. மலைதான் இல்லை. ஊர் தோசைக்கல் மாதிரித் தட்டை.

லண்டன்காரர் ஒரு பொறியியலாளர். இரண்டு வருடம் ஜப்பானில் படித்துவிட்டு லண்டனில் வேலைக்குப் போனவர். தூரத்து உறவான ஓர் அன்ரி கொண்டுவந்த சம்பந்தம். பெண், மாமாவின் மகள், என்னோடு ஒரே அறையைப் பகிர்ந்த என்னுடைய மச்சாள். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் வேலை. விடியவே பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு. நல்ல கறுப்பு, நல்ல உயரம், முன்பற்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. சிரித்தால் அந்த இடைவெளியும் சேர்ந்து சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை எந்தச் சம்பந்தக்காரரும் அதுவரை படத்தில் பார்த்ததில்லை. ஸ்ரூடியோ அண்ணை விடமாட்டார். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணப் படம் என்றால் ஒரே ஒரு படம்தான்: பட்டுச் சேலை, பின்னால் தீந்தையில் வரைந்த நீர்வீழ்ச்சி, பக்கத்தில் ஒரு பொய்த் தூண், தூணில் கை, வாய் மூடியிருக்க வேண்டும். பிறகு அண்ணை இருட்டறைக்குள் போய் என்ன செய்வாரோ, வெளியே வரும்போது மச்சாள் கோதுமை மா நிறத்தில் இருப்பாள்.

கடைசியாக மொன்றியலில் இருந்து ஒரு குடும்பம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரிலும் வந்தது. மச்சாள்தான் தேத்தண்ணீர்த் தட்டோடு போனாள். மாப்பிள்ளையின் தாய் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "படத்தில இருக்கிற தங்கச்சி உள்ளுக்கோ?"

அன்றைக்கு இரவு மச்சாள் ஸ்ரூடியோப் படங்கள் எல்லாவற்றையும் குப்பைக்குள் போட்டாள். இப்போது லண்டன் படம் வந்ததும் அவள் நீண்டநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இந்தாளுக்கு ஒரு படம் அனுப்பலாம். ஸ்ரூடியோப் படம் இல்லை. என்ர முகத்தைப் பாத்து ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இதோட விடுங்கோ. இனி ஒருதருக்கும் தேத்தண்ணி கொண்டு போகமாட்டன்."

மாமி என்னைப் பார்த்தார். எல்லாக் குழப்பத்துக்கும் அந்த வீட்டில் முதலில் பார்க்கப்படுவது நான்தான்.

"மாமி, அவர் பூவுக்குக் கீழ நிண்டுதானே எடுத்திருக்கிறார்," என்றேன். "நாங்களும் பூவுக்குக் கீழ நிண்டு எடுப்பம். ஹை பார்க்கில நிக்கிற மரமெல்லாம் தோக்கியோ ஆக்கள் அன்பளிப்பாத் தந்தது. அசல் ஜப்பான் பூ."

"மலை?" என்றாள் மச்சாள்.

"மலைக்கு நான் எங்க போறது. முகத்தைத்தானே பாக்கச் சொல்லுறாய்."

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புறப்பட்டோம். ராகு காலத்துக்கு முன்னமே படம் எடுத்து முடிக்கவேண்டும் என்பது மாமியின் ஒப்பந்தம். மாமா வான் ஓட்டினார். இடியப்பமும் சம்பலும் பின்னால் வந்தன. மச்சாள் மாம்பழ நிறச் சேலையில், மாமியின் நகைகள் பாதியோடு இருந்தாள்.

பூ உண்மையிலேயே அப்படிப் பூத்திருந்தது. குளத்தை நோக்கி இறங்கும் சரிவு முழுக்க மேகம் இறங்கிப் படுத்தது மாதிரி. நான் ஓடிப்போய் ஒரு மரத்தைத் தெரிந்தெடுத்தேன், பிறகு அதைவிட நல்ல மரம், பிறகு அதைவிட நல்லது. ஊரில் பாதி அங்கேதான் நின்றது. எந்தக் கொப்பைப் பிடித்தாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் குழந்தை வண்டி.

அதை வேண்டுமானால் ஒதுக்கலாம். மாமியை ஒதுக்க முடியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றபடி நடத்தினார்.

"வாயை மூடு. நாடியை இறக்கு. கையை அந்தக் கொப்பில வை. ஐயோ, அப்பிடியில்லை, தூணில வைக்கிற மாதிரி வை."

"மாமி, கொப்பு தூண் இல்லை."

"நீ உன்ர பெட்டியைப் பார் பிள்ளை."

ஸ்ரூடியோவை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தோம். அது வானில் எங்களோடே வந்திருந்தது. மச்சாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனது. பிலிம் சுருள் முடிகிற நிலைக்கு வந்தபோது அவள் முழுவதுமாக மொன்றியலுக்கு அனுப்பிய அதே படம் ஆகியிருந்தாள். நிறம் மட்டும் அவளுடையது.

"சரிவராது," என்றாள். "வீட்ட போவம்."

 வானில் மாமி கைப்பையை மடியில் அணைத்தபடி மிக நேராக உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அவர் காலடியில் இளஞ்சிவப்பாய் இரண்டு மூன்று இதழ்கள். பிறகு இன்னும் இரண்டு.

"மாமி," என்றேன், "உங்கட ஹான்ட்பாக் பூக்குது."

மாமா கண்ணாடியில் பார்த்தார். "என்னத்தை முறிச்சனீ?"

"ஒரு சின்னக் கொப்பு. சாமிக்கு."

"உதுக்குப் பொலிஸ் பிடிக்கும்."

"சாமிக்குப் பிடுங்கிறதை ஆரும் களவெண்டு சொல்லுறேல்லை."

"பொலிஸ் மறிச்சால் நான் உன்னை ஆரெண்டே தெரியாது எண்டுதான் சொல்லுவன்," என்றார் மாமா. "நகையெல்லாம் போட்டுக்கொண்டு கையைக் காட்டி ஏறினவ எண்டு சொல்லுவன்."

மாமிக்கு இது புது வேலை இல்லை. வோபர்னில் எங்கள் தெருவில் யார் வேலியில் என்ன பூக்கிறது என்பது வீட்டுக்காரர்களை விட அவருக்குத்தான் தெரியும். விடியப்புறம் நடைப்பயிற்சி என்று வெறுங்கையோடு போவார். வரும்போது சாமித் தட்டு நிறைந்திருக்கும். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்: எந்தப் பூவென்றாலும் சாமிக்குப் போகுமுன் யாரும் மூக்கில் வைக்கக்கூடாது. மணந்து பார்த்த பூ எச்சில். அதைச் சாமிக்கு வைக்க முடியாது. அந்தச் சட்டத்தை மீறினால் அன்றைக்கு முழுக்க வசவு விழும்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலும் கறிவேப்பிலையும் வாங்க எங்கள் பிளாசாவில் நிறுத்தினோம். முன்பக்கம் இடமில்லாமல் மாமா பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பேரும் கடைக்குள் போனார்கள். மச்சாளும் நானும் வானுக்குள். இருக்கையில் கைப்பை, பைக்குள் கொப்பு.

அந்தக் குளிர்காலம் பனி கொட்டியிருந்தது. பிளாசாக்காரர்கள் கார் நிறுத்துமிடத்துப் பனியையெல்லாம் வழித்து வழித்துப் பின்பக்க மூலையில் குவித்திருந்தார்கள். மே மாதம் வந்தும் அது கரைந்து முடியவில்லை. கறுத்து, அழுக்குப் பிடித்து, கோப்பை மூடிகளும் கடதாசிகளும் செருகிக்கொண்டு, ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. தினமும் பார்த்துப் பார்த்து நான் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தேன். ஆனால் அந்தக் கிழமை யாரோ வேகமாய்க் கரையட்டும் என்று இயந்திரத்தால் ஒரு பக்கத்தை வெட்டிச் சரித்திருந்தார்கள். வெட்டிய பக்கம் உள்ளே இருந்த பனி பளீரென்று வெள்ளையாக, மாலை வெயிலில் நீல நிழலோடு நின்றது.

நான் இறங்கி, கமெராவைக் கண்ணில் வைத்துக் குந்தினேன். இன்னும் பணிந்தேன். கடைசியில் ஈரத் தாரில் வயிறு படப் படுத்தேன். மேலே வானம், கீழே வெள்ளைச் சிகரம்.

"மச்சாள்," என்றேன், "இறங்கி வா. மலை வந்திட்டுது."

"விசரி. எழும்பு, உடுப்பெல்லாம் ஊத்தை."

"கொப்பையும் எடுத்துக்கொண்டு வா."

"அது சாமிக்கு."

சொல்லிக்கொண்டே இறங்கினாள். பிறகு பையைத் திறந்து கொப்பை எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, அந்தப் பூக்கொத்தை மூக்கில் வைத்து இழுத்து மணந்தாள்.

"ஒரு வாசமும் இல்லை," என்றாள். "இனிச் சாமிக்கும் தேவையில்லை."

கொப்பை வான் கதவு இடுக்கில் செருகினேன். கீழே படுத்துப் பார்த்தால், படச்சட்டத்தின் மேல்பாதியில் செர்ரிப் பூக்கள் தொங்கின. அதற்கு அப்பால் மச்சாள், அதற்கும் அப்பால் மலை. ஒரே ஒரு சிக்கல். மலையின் அடியில் கடையின் ட்ரொலி ஒன்று புதைந்திருந்தது. குளிர்காலத்தில் யாரோ விட்டதைப் பனியோடு சேர்த்து வழித்திருக்கிறார்கள். அதன் பின்சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் இடப்பக்கம் நில். முந்தானையால உந்தச் சக்கரத்தை மறை."

"இமயமலையில ட்ரொலியோ?"

"கதையாத. காத்து வருது, நில்."

சுருளில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. அவள் செருப்போடு சேற்றுப் பனியில் நின்றாள். வாய் பழக்கத்தில் மூடிக்கொண்டது. நாடி தானாக இறங்கியது. அவள் கை அங்கே இல்லாத தூணைத் தேடுவதை என்னால் பார்க்க முடிந்தது. இப்போது அழுத்தக்கூடாது என்று பொறுத்தேன்.

அப்போது பின்னால் மாமியின் குரல். ஒரு கையில் பால் பை, மறு கையில் கறிவேப்பிலை. மகள் பட்டுச் சேலையோடு குப்பைப் பனியின் முன்னால் நிற்கிறாள். மருமகள் தாரில் படுத்துக்கிடக்கிறாள். கேட்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. மாமி கேட்டது ஒன்றைத்தான்.

"மூக்கில வைச்சுப் போட்டியோ?"

மச்சாள் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அதே நேரம் காற்று அடித்தது. நான் அழுத்தினேன்.

மருந்துக் கடையில் படம் கழுவி வந்த அன்று சமையலறை மேசையில் நீதிமன்றம் கூடியது. ஹை பார்க் படங்கள் ஒரு பக்கம் அடுக்கு, பிளாசாப் படம் ஒரு பக்கம் தனியாக. தனிப் படத்தில் செர்ரிப் பூக்களுக்குக் கீழே, பனிமலையின் முன்னால், என்னுடைய மச்சாள் கடவாய்ப் பல் வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றாள். முந்தானை காற்றில் மேலே போயிருந்தது. அது விலகிய இடத்தில் ட்ரொலிச் சக்கரம், பயறளவு. எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"பல்லெல்லாம் தெரியுது," என்றார் மாமி.

"அது என்ர பல்லுத்தானே, அம்மா."

"நிறமும்..."

"அதுவும் என்ரதான்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அடுக்கை ஒதுக்கிவிட்டுத் தனிப் படத்தில் விரலை வைத்தார். "இது என்ர பிள்ளை மாதிரிக் கிடக்கு," என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. படம் லண்டனுக்குப் போனது.

பதில் ரெலிபோனில் வந்தது, சம்பந்தம் பேசிய அன்ரியின் வாயிலாக. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஜூலையில் நேரில் வந்து பார்க்கப் போகிறார். ஒரு விஷயம் மட்டும் கேட்கச் சொன்னாராம்: அது எந்த மலை?

மாமி கண்ணை இமைக்கவில்லை. "அது வடக்குப் பக்கம். நாங்கள் வருஷா வருஷம் போறனாங்கள்."

ரெலிபோனை வைத்த பிறகுதான் அன்ரி கடைசியாகச் சொன்னது மாமிக்கு உறைத்தது. மாப்பிள்ளைக்கு மலையென்றால் உயிர். வந்தவுடன் அந்த மலையைப் பார்க்கவேண்டும்.

அடுத்த கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒன்ராறியோவின் வரைபடம் மேசையை விட்டு எழும்பவில்லை. மாமா நயாகராவைச் சொன்னார்.

"அது நீர்வீழ்ச்சியப்பா."

"அங்கயும் உயரம்தானே. கீழ இருந்து பாக்கிறம்."

பிறகு ஸ்காபரோவின் ஏரிக்கரை மண்பாறைகளைச் சொன்னார். பிறகு வடக்கே பனிச்சறுக்குக்குப் போகிற ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, ஜூலையில் அதில் பனி இல்லாததற்கு ஒரு விளக்கமும் தயாரித்தார். மாமி என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். அதாவது, என்னைப் பற்றி மாமாவோடு நான் கேட்கும்படியாகக் கதைத்தார்.

"முகம் பொய்யெண்டு ஸ்ரூடியோவை விட்டம். இப்ப உவள் மலையைப் பொய்யாக்கிப் போட்டாள். வந்த சம்பந்தம் சறுக்கினால் உவளின்ர கமெராவுக்குத்தான் கலியாணம் செய்து வைக்கவேணும்."

மச்சாள் இதில் எதிலும் சேரவில்லை. லண்டனுக்கு எடுத்து உண்மையைச் சொல்லிவிடு என்று நான் ரெலிபோன் அட்டை வாங்கிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"வரட்டும். கதவைத் திறக்கேக்க என்னைத் தெரியுதோ எண்டு முதல்ல பாக்கவேணும்," என்றாள். "தெரிஞ்சால், மலையைச் சொல்லுறன். அதுக்குப் பிறகு அந்தாள் போறதெண்டால் போகட்டும்."

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. தேத்தண்ணீர்த் தட்டு தயாராக இருந்தது. ஆனால் மச்சாள் வெறுங்கையோடு போய்க் கதவைத் திறந்தாள். நான் நடைவழியில் நின்று பார்த்தேன். படத்தில் பார்த்ததை விட ஆள் கட்டை. கழுத்துப்பட்டி இல்லை. அவர் அவளைப் பார்த்த உடனேயே சிரித்தார்.

"நீங்கள் படத்தில இருக்கிற மாதிரியே இருக்கிறீங்கள்," என்றார்.

மச்சாளின் தோள் இறங்கியதை நான் பின்னாலிருந்தே கண்டேன்.

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் அவர் கேட்டுவிட்டார். "எப்ப மலைக்குப் போறம்?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பனிச்சறுக்கு மேட்டை ஆரம்பித்தார். தூரம், வீதி வேலை, ஜூலை வெயில். மச்சாள் ஆணியில் தொங்கிய வான் திறப்பை எடுத்தாள்.

"நான் கூட்டிக்கொண்டு போறன், அப்பா. கிட்டத்தானே."

மாமி கையில் இருந்த பலகாரத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார். துணைக்கு என்னை அனுப்பினார். பல கிழமைகளுக்குப் பிறகு என்னோடு நேரடியாகப் பேசிய முதல் வசனம்: "நீயும் போ. நீ கட்டின மலைதானே."

பிளாசாவின் பின்பக்கத்தில் வெயில் கொளுத்தியது. மலை நின்ற இடத்தில் கறுத்த சரளைக் கல், காய்ந்த உப்புக் கறை, ஒற்றைக் கையுறை, நசுங்கிய கோப்பை மூடிகள். மச்சாள் வானை நிறுத்தி இறங்கி, அதன் நடுவில் போய் நின்றாள்.

"இதுதான்," என்றாள். "வழிச்சுக் குவிச்ச பனி. அம்மா சொன்னது பொய். பூ அம்மா களவெடுத்தது. சேலை மட்டும் என்ரது."

 அவர் சரளையைச் சுற்றி நடந்தார். குந்தியிருந்து எதையோ தேடினார்.  மச்சாள் தூணில்லாமலேயே நேராக நின்றாள்.

"அந்த ட்ரொலி எங்க?" என்றார்.

நான் என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை. போகஸ் எல்லாம் பார்த்து, முந்தானையெல்லாம் நிறுத்தி, கடைசியில் பயறளவு சக்கரம்.

"தெரியுமோ உங்களுக்கு?" என்றாள் மச்சாள்.

"படம் வந்த அண்டைக்கே. ஜப்பானில மலையில கோயில் பாத்திருக்கிறன், கடை பாத்திருக்கிறன். ட்ரொலி பாக்கேல்லை."

"பிறகேன் மலையைப் பாக்கவேணும் எண்டனீங்கள்?"

"நீங்கள் என்னை எங்க கூட்டிக்கொண்டு போவீங்கள் எண்டு பாக்கத்தான்."

மச்சாள் நாடியை உயர்த்தினாள். "உங்கட மலை?"

"மலை உண்மை. ஆனா நான் ஏறேல்லை. பஸ்ஸால இறங்கி எடுத்திட்டுத் திரும்பவும் பஸ்ஸில ஏறினனான். கழுத்துப்பட்டி கூட்டாளியின்ரை."

முதலில் அந்த இடைவெளிப் பல் தெரிந்தது. பிறகு அவள் சிரிப்பு அந்தக் கார் நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது. சிரித்து முடித்து, எங்களை முன்பக்கம் கூட்டிப்போய், கடை வாசலில் வரிசையாய் நின்ற ட்ரொலிகளைக் கையால் காட்டினாள். "உதுக்குள்ள ஒண்டுதான். எது எண்டு நீங்கள் கண்டுபிடியுங்கோ. நான் அம்மாவுக்குப் பால் வாங்கவேணும்."

அவர் ஒவ்வொரு ட்ரொலியாக இழுத்துச் சக்கரத்தைப் பரிசோதித்தார். நான் அதைப் படமெடுத்தேன். சிரிப்பில் கை ஆடி, இரண்டு பேரும் கலங்கிப்போனார்கள். பின்னால் கடையில் தொங்கிய வாழைக்குலை மட்டும் தெளிவாக விழுந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமி மலைப்படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். பல் தெரிவதாகச் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை. வருகிற ஆட்கள் எந்த மலை என்று கேட்பார்கள். மாமி ஒருபோதும் பொய் சொல்லமாட்டார்.

"அது இஞ்சதான் கிட்ட இருந்தது," என்பார், தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே. "இப்ப இல்லை. உருகிப்போச்சு."

கேட்டவர்கள் பூமி இப்படிச் சூடாகிக்கொண்டு போகிறதே என்று தலையை ஆட்டிக் கவலைப்படுவார்கள். மாமியும் சேர்ந்து கவலைப்படுவார்.